நண்டுக்காரன் சந்து சின்னப்பையன்

“இன்னா நைனா, எந்த ஊரு? இருவத்தியொண்ணு முடிஞ்சிதா?”

துறைமுக வாசலுக்கு எதிரே, தலையில் மூட்டையோடு வந்து நின்று திருதிருவென்று விழிக்கிற எவனையும் சின்னப்பையன் இப்படித்தான் வரவேற்பார். சாப்பிட்டாயா என்பது இரண்டாவது கேள்வி. இருபத்தொன்று முடிந்தவனுக்கு நாலு இட்டிலி, முடியாதவனுக்கு வெறும் டீ. ஓட்டுப் போடும் வயதைச் சட்டத்தில் எழுதி வைத்தவர்கள்கூட அதை இவ்வளவு அக்கறையாக நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

வந்தவன் இட்டிலியைத் தின்று கை கழுவுவதற்குள் மூட்டை தூக்கும் வேலைக்கு மேஸ்திரியிடம் சிபாரிசு, ரயில் பாதை ஓரத்து மணலில் குடிசை போட எட்டடி இடம், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் வழி பிறந்துவிடும். கடைசியாக வாக்காளர் பட்டியலில் பெயர். பெற்ற தாய்கூட அவனுக்கு ஒரே நாளில் இத்தனை செய்திருக்க மாட்டாள். பதிலுக்குச் சின்னப்பையன் கேட்பது சில வருஷங்களுக்கு ஒரு நாள், அதிலும் அரை நிமிஷம். “ஒரு கடுதாசு குடுப்பான். அத்த நான் சொல்ற பொட்டில போடு. அவ்ளோதான் மேட்டரு. இன்னா, கஷ்டமா?” என்பார். கஷ்டம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

பெயரைப் பார்த்து வயதை மதிப்பிட்டுவிட வேண்டாம். ஐம்பத்தேழு நடக்கிறது. ராயபுரத்தில் நண்டுக்காரன் சந்தின் நூற்றெண்பது ஓட்டும் அவர் மடியில் இருப்பதாகக் கவுன்சிலர் நம்புகிறார். சின்னப்பையனும் நம்புகிறார். சந்துக்காரர்களை யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. என்ன உத்தியோகம் என்று விசாரித்தால், “பப்ளிக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார். வெள்ளை ஜிப்பா, தோளில் நாலு முழச் சிவப்புக்கரைத் துண்டு, வெற்றிலை போட்டு அடக்கிய கன்னம். உழைத்துச் சம்பாதித்ததாக ஊரில் ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது.

அவருக்குத் தம் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுத வராது. அதுவே போதுமானதாக இருக்கிறது. காலி சிகரெட் பெட்டியைக் கிழித்து, உட்பக்கத்தில் தம் பெயரை மட்டும் போட்டுக் கொடுப்பார். அந்த அட்டையைக் கண்டால் மேஸ்திரிக்கு ஆள் தேவைப்படும். ரேஷன் கடைத் தராசு நேராக நிற்கும். முறைப்படி விண்ணப்பம் எழுதிப் போட்டவர்கள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

சாவு வீட்டுக்கும் அவர்தான் முதலில் வருவார். மூங்கிலும் தென்னங்கீற்றும் அவரோடு கூடவே வந்து இறங்கும். வீட்டுக்காரர்கள் வாய்விட்டு அழத் தொடங்குவதற்குள் பாடை பாதி முடிந்திருக்கும். இதனால் ஒரு சங்கடம். சந்தில் யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவர் பார்க்கப் போனால், படுத்திருக்கிறவர் பதறி எழுந்து உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாத்தே, சோக்காத்தான் கீறேன்” என்று சத்தியம் செய்வார்.

அவருடைய அசல் திறமை கூட்டம் சேர்ப்பதில் இருக்கிறது. எந்தக் கட்சி, என்ன விஷயம் என்பதெல்லாம் அவருக்கு அநாவசியம். “எத்தினி தல? பொம்பளையா, ஆம்பளையா? கோஷமா, வெறும் கைத்தட்டா?” இவ்வளவுதான் அவர் கேட்பது. கைதட்டுக்கு ஒரு ஜாடை வைத்திருந்தார். மேடை ஓரமாக நின்று துண்டால் கழுத்தைத் துடைத்தாரானால் கூட்டம் கைதட்டும். பேசுகிறவர் தம்முடைய வாக்கு வன்மையே காரணம் என்று நினைத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் திருப்தி.

சந்துக்கு ஒரு குறை இருந்தது. சுதந்திரம் வந்து எட்டு வருஷமாகியும் தண்ணீர் வரவில்லை. பெண்கள் ரயில் பாதையைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் குழாயில் வரிசை நின்று, நிறைகுடத்தோடு மறுபடி பாதையைத் தாண்டி வரவேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு மாதம் முன்னால் சந்தின் முனையில் நாலு இரும்புக் குழாய்கள் வந்து இறங்கும். சின்னப்பையன் அவற்றுக்குச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் ஒரு மாட்டு வண்டி வந்து நாலையும் ஏற்றிக்கொண்டு போகும். ‘அளவு சரியில்லையாம்’ என்று சேதி வரும். அளவு ஒவ்வொரு தடவையும் தேர்தலுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

குழாய் போடவே கூடாது என்று அவர் நினைத்ததாகச் சொன்னால் அபாண்டம். போட்டுவிட்டால் அப்புறம் என்ன சொல்லி அந்தச் சந்துக்குள் நுழைவது என்றுதான் அவருக்குப் புரியவில்லை. கவுன்சிலரிடம் ஒரு தடவை மனம் விட்டே சொன்னார். “கொயா வந்துட்சின்னா அதும்பாட்டுக்குத் தண்ணி வந்துகினே இருக்கும் தொரை. அப்பால நம்பளை எவன் தேடுவான்?” கவுன்சிலருக்கு இந்த ராஜதந்திரம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சென்ற சித்திரையில், மீன் விற்கிற பவுனம்மாளின் மகள் அங்கம்மா, நிறைகுடத்தோடு தண்டவாளத்தைத் தாண்டும்போது சரக்கு ரயிலின் ஊதலைக் கேட்டு ஓடினாள். கால் இடறிக் கல்லில் விழுந்தாள். ரயில் கடந்துபோயிற்று. உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக முறிந்தது. பத்தொன்பது வயதுப் பெண், தை மாதம் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். முதல் ஆளாக ஓடிவந்தவர் சின்னப்பையன். தம் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டு, ரிக்‌ஷாவில் மடியில் கிடத்திக்கொண்டு போய், சிகரெட் அட்டைக்கு வேலையே வைக்காமல் ஆஸ்பத்திரியில் சத்தம் போட்டே கட்டில் வாங்கினார். அன்றைக்கு அவர் கண்ணில் வந்த தண்ணீர் பொய்யில்லை. நெஞ்சில் ஈரமில்லாத மனிதர் என்று அவரைச் சொல்லவே முடியாது. ஈரத்தை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான். பவுனம்மாள் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் கழித்து, படிப்பகத்துக் காரியதரிசி சுப்பராயன் அவரைத் தேடிவந்தார். சுப்பராயன் ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஜனங்களுக்கு அறிவு புகட்டுவது என்று பிடிவாதமாக இருப்பவர். முந்தின மாதச் சொற்பொழிவுக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தூங்கினார். இந்த மாதம் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற ஐரீன் டீச்சர் பேசுகிறார்; நாற்பது பேராவது வேண்டும்.

“நாப்பது இன்னா, சந்து மொத்தத்தையும் இஸ்துகினு வர்றேன். ஆனா தலைம நான்தான்,” என்றார் சின்னப்பையன். பேச்சு எதைப் பற்றி என்று கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்டுக்காரன் சந்து முழுவதும் படிப்பகத்தில் வந்து குந்தியது. பொருள்: ‘அறுபது எழுபது வருஷத்துக்கு முன் அமெரிக்கப் பட்டணங்கள்’. சின்னப்பையன் மாலையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அமெரிக்காவால் யாருக்கும் ஒரு தொல்லையும் வராது என்று நினைத்தார்.

ஐரீன் டீச்சர் ஆறாம் வகுப்புக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பட்டணங்கள் கண்மண் தெரியாமல் பெருத்ததையும், கப்பல் கப்பலாக ஏழைகள் வந்து இறங்கியதையும் சொன்னார். “பாஷை தெரியாது, வேலை தெரியாது. துறைமுகத்துல ஒரு ஆள் காத்திருப்பார். வேலை வாங்கித் தருவார், இருக்க இடம் காட்டுவார், குளிர் காலத்துல அடுப்புக் கரி தருவார். செத்தா எடுத்துப் போடுவார். பதிலுக்கு ஒரே ஒரு ஓட்டு.”

சந்து மெல்லத் திரும்பித் தலைவரைப் பார்த்தது. சின்னப்பையனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கடல் தாண்டி ஒரு பங்காளி இருந்திருக்கிறான். “கெட்டிக்காரன்பா!” என்று பக்கத்திலிருந்த சுப்பராயனின் தொடையில் தட்டினார்.

“ஆனா அந்தத் தெருவுக்கு வேண்டியதை அவர் முழுசாச் செஞ்சு தரவே மாட்டார்,” என்று டீச்சர் தொடர்ந்தார். “சேறு சேறாவே இருக்கும். சாக்கடை சாக்கடையாவே இருக்கும். குறை தீர்ந்துட்டா அவரை யார் தேடி வருவாங்க?”

படிப்பகத்தில் காற்று இல்லை. தலைவருக்குக் குப்பென்று வியர்த்தது. தம்மை அறியாமல் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

சந்து பலமாகக் கைதட்டியது.

ஐரீன் டீச்சர் இப்படியொரு வரவேற்பை ஆயுளில் பார்த்ததில்லை. உற்சாகம் வந்துவிட்டது. அந்த ஆளுக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். தலைவருக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. நெற்றி, பிடரி, காது மடல் என்று துடைக்கத் துடைக்கக் கைதட்டல் கூரையைப் பிளந்தது. நிறுத்துங்கள் என்பதற்கு அவர் ஜாடை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இதற்கு முன் அது தேவைப்பட்டதில்லை.

சத்தம் ஓய்ந்தபோது பவுனம்மாள் எழுந்து நின்றாள்.

“டீச்சரம்மா, அந்த ஊரு பொம்பளைங்களுக்கு அப்பால கொயா கெட்ச்சிதா, இல்லியா?”

“எல்லா ஊர்லயும் கிடைக்கலை. சில ஊர்ல கிடைச்சுது. ஜனங்க அந்த ஆளை நடுவுல வச்சுக்காம, தாங்களே ஒண்ணாப் போய்க் கேட்டாங்க.”

பவுனம்மாள் தலைவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, நன்றிக்கடனா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“அண்ணாத்தே, என் பொண்ணு கால் ஒட்ஞ்சப்ப நீதான் ஓடியாந்தே. நான் மறக்கல. ஆனா கால் ஒடியாம இருக்கறதுக்கு ஒரு கொயா போடத் தோணலியே உனக்கு?”

சின்னப்பையன் முடிவுரைக்கு எழுந்தார். தொண்டையைச் செருமினார். அமெரிக்காக்காரன் பேஜாரானவன் என்றும், நம்ம ஊரில் அந்த மாதிரி கலீஜான ஆள் ஒருத்தனும் கிடையாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, இந்தத் தடவை வேண்டுமென்றே, துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஒருவரும் தட்டவில்லை.

அன்றைக்கே படிப்பகத்து மேஜையில் ஐரீன் டீச்சர் மனு எழுதினார். மறுநாள் காலை எழுபது பெண்கள் காலிக் குடங்களோடு குடிநீர் இலாகா ஆபீசுக்குக் கிளம்பினார்கள். யாரும் சின்னப்பையனைக் கூப்பிடவில்லை. கவுன்சிலருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? சந்து கையை விட்டுப் போனால் அவர் யார்? ஓட்டமும் நடையுமாகக் குறுக்குச் சந்தில் புகுந்து போய், ஆபீஸ் வாசலில் அவர்களுக்கு முன்பே நின்று, மூச்சு வாங்க, “வாங்க தாயிங்களா, வாங்க. எல்லாம் நான் பேசிக்கறேன்” என்று கைகூப்பினார்.

முன்னால் வந்த பவுனம்மாள் நிற்கவில்லை. மனுவைப் பிரிக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. “சும்மாத்தானே நிக்கறே, இந்தா புடி” என்று இடுப்புக் குடத்தை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எழுபது பேரும் அவரைத் தாண்டிப் போனார்கள்.

பின்னாலேயே நுழையப் போனவரைச் சேவகன் தடுத்தான். “நீ எங்கய்யா வர்றே? கொயா இல்லாதவங்க மட்டும்தான் உள்ள. மத்தவங்கல்லாம் வெளில நில்லு.”

சின்னப்பையன் உள்ளே எட்டிப் பார்த்தார். அதிகாரியின் அறைக்கதவு திறந்துகொண்டிருந்தது. சேவகனைப் பார்த்தார். கையிலிருந்த குடத்தைப் பார்த்தார். பிறகு ஜிப்பாவை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, குடத்தை இடுப்பில் தூக்கி வைத்து, வரிசையில் கடைசி ஆளாக உள்ளே போனார்.