மதகு எங்கள் கைக்கு வந்த வருஷம்

விவசாயிகளை ஒரே சங்கத்தில் உட்காரவைக்கும் வேலையில் இருப்பவனை, சங்கம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். துண்டறிக்கை படித்தே வளர்ந்து, பாதி வாழ்க்கையைச் சாலை மறியலில் கழித்த எனக்கு அந்த வேலை சுனாமிக்குச் சில வருஷம் கழித்துக் கிடைத்தது. வெளிநாட்டுக் கடனில் ஒரு பாசனத் திட்டம். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு வாய்க்காலின் மதகைத் திறந்து மூடும் பொறுப்பை அதிகாரிகள் விவசாயிகளிடம் விட்டுவிட வேண்டும். அதற்கு விவசாயிகளைத் தயார் செய்ய வேண்டியவன் நான். கூட்டம் போட்டே தொண்டை கட்டிய தோழர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

மஞ்சள் அட்டை, பச்சை அட்டை

கடலூரில் விவசாயிகளுக்கு மூன்று நாள் பயிற்சி. மஞ்சள் அட்டையில் பிரச்சினையையும் பச்சை அட்டையில் தீர்வையும் எழுதச் சொன்னார் பயிற்சியாளர். எங்கள் ஆட்கள் இரண்டிலும் ஒன்றையே எழுதினார்கள்: ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

எனக்கு அவமானமாகிவிட்டது. கிள்ளைப் பக்கம், வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் அஞ்சலையிடம் கோபித்துக்கொண்டேன். அவள் அசரவில்லை. “மனு எழுதத்தானே சொல்லிக் குடுத்தீங்க அண்ணே, பதில் எழுதவா சொல்லிக் குடுத்தீங்க?”

ஒப்படைப்பு

சங்கத் தலைவராகத் தனபாலைத் தேர்ந்தெடுத்தோம். வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் நிலம் உள்ளவர். தண்ணீர்ப் போராட்டத்தில் என்னோடு சிறைக்கு வந்தவர். மதகைத் திருகும் இரும்புக் கைப்பிடியையும் பூட்டுச் சாவியையும் பொறியாளர் அவர் கையில் கொடுத்தார். நாங்கள் எத்தனையோ முறை முற்றுகையிட்ட மனிதர். ஜீப்பில் ஏறும்போது சிரித்தார்.

“இத்தனை நாளா எங்களத் திட்டினீங்க. இனிமே உங்களுக்குள்ளயே திட்டிக்குங்க சார்.”

எங்கள் மேலேயே மறியல்

வாய்க்கால் முடிகிற கடைமடைக்குத்தான் முதல் முறைத் தண்ணீர் என்று தீர்மானம் போட்டிருந்தோம். புரட்டாசியில் மழை ஏமாற்றியது. தலைப்பில் தனபாலின் பங்காளிகள் மடைகளை மூடவிடவில்லை. அவரும் அவர்களைப் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை. அஞ்சலையின் சம்பா நாற்று சிவந்து, வயலில் உப்பு பூக்கத் தொடங்கியது. இன்னும் சில நாள் போனால் ஒன்றும் மிஞ்சாது.

கடைமடைக்காரர்கள் தெரிந்ததைச் செய்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். கோஷம் கேட்டு சைக்கிளில் வந்த தனபால், பழக்க தோஷத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்து கையை உயர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் விசாரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். “தண்ணி வுட வேண்டிய ஆளே இங்கதான் உக்காந்திருக்காரு. நான் யாருகிட்டய்யா பேசுறது?”

தலைப்புக்கு நடந்தது

யாரும் சிரிக்கவில்லை. அஞ்சலைதான் முதலில் எழுந்தாள். “வா மாமா, மதகுக்குப் போவலாம்.” தனபால் தலையைக் குனிந்துகொண்டே, “எங்க ஆளுங்க வயலும் காயுது புள்ள,” என்றார். அவள் விடவில்லை. “உங்களுது காஞ்சா நனைச்சுக்கலாம். எங்களுது உப்பேறுனா மூணு வருஷத்துக்கு ஒண்ணும் வெளையாது.”

பங்காளிகள் கரையில் நின்று வசைபாட, தனபாலே தலைப்பு மடைகளை அடைத்தார். மூன்றாம் நாள் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. அஞ்சலைக்குப் பாதி வயல்தான் தேறியது. வரப்பில் நின்ற தனபாலிடம் அவள் நன்றி சொல்லவில்லை.

“அடுத்த எலெக்‌ஷன்ல தலைவருக்கு நான் நிக்கிறேன் மாமா. உங்க ஓட்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்.”

அரசாங்கத்திடம் கேட்பதைவிடப் பக்கத்து வயல்காரனிடம் தண்ணீர் கேட்பதுதான் கஷ்டம் என்று என் துண்டறிக்கை எதிலும் நான் எழுதியதில்லை. எழுதியிருந்தால் ஒருவரும் என் பின்னால் வந்திருக்க மாட்டார்கள்.