துரைக்கண்ணு மாமாவும் நீல விளக்கும்

துரைக்கண்ணு மாமாவுக்கு வேலை, பட்டுத் தறிக்கு அட்டை குத்துவது. சேலையில் மயில் எங்கே, மாங்காய் எங்கே என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டையில் இருக்கும் ஓட்டைகள்தான். ஓட்டை இருந்தால் இழை எழும்பியே ஆக வேண்டும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாற்ற அது என்ன எங்கள் கணக்கு வாத்தியாரா?

இப்படிப்பட்டவர் டிவியில் டப்பிங் விண்வெளித் தொடர் பார்க்கவே கூடாது. போன வாரம் கப்பல் டாக்டர் ஒரு நீல விளக்கைக் காட்டியதும் கழுத்து முறிந்தவன் எழுந்து உட்கார்ந்தான். இந்த வாரம் ஒருத்தி வெறும் காய்ச்சலில் கிடக்கிறாள், எல்லோரும் சுற்றி நின்று அழுகிறார்கள்.

"அந்த லைட்ட எங்கடா வெச்சானுங்க? அடகு வெச்சிட்டானுங்களா?" என்று என்னிடம் பாய்வார். நான் பக்கத்து வீடு. படிப்பை விட்டதிலிருந்து மாமா வீட்டில்தான் கிடக்கிறேன்.

"சார்ஜ் போட மறந்துட்டாங்க மாமா."

"கப்பல் ஓட்டத் தெரியுது, சார்ஜ் போடத் தெரியல."

கட்டிலில் படுத்திருக்கும் எல்லம்மாள் அத்தை சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். தொண்டையில் புற்று. ஸ்கேன் சென்டர் மெஷின் சித்திரையில் ஒன்றுமில்லை என்றது. அதே மெஷின் ஆவணியில் இருக்கிறது என்றது. அதற்குள் கைமீறிவிட்டதாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். "அதே மெஷின்தானே சார்?" என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

அடுத்த வாரம் தொடர் ஓடும்போது அத்தை அசந்து தூங்கிவிட்டாள். திரையில் காய்ச்சல்காரி செத்துப்போனாள். துணியில் சுற்றி விண்வெளியில் விட்டார்கள். விளக்கைப் பற்றி எவனும் வாயைத் திறக்கவில்லை. மாமா கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் டிவியை அணைத்தார்.

அத்தை விழித்துக்கொண்டாள். "இன்னாச்சு அந்தப் பொண்ணுக்கு?"

பொய் சொல்வதில் எனக்குத் தெருவிலேயே நல்ல பேர். அன்று பார்த்து நாக்கு எழவில்லை.

மாமா சொன்னார்: "லைட்டக் காட்னாங்கமா. எழுந்து உக்காந்து காபி குடிச்சிக்கினு இருக்குது."

"இத்தன நாளா எங்க வெச்சிருந்தாங்களாம்?"

"டிரங்குப்பெட்டி அடியில. தேடிக்கினு இருந்தாங்க."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நெசமாடா?"

தலையாட்டினேன்.

அவள் மாமாவைப் பார்த்தாள். "அப்ப எனக்கும் காபி குடுங்க."

மாமா ஆற்றி, கரண்டியில் ஊட்டினார். உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்தார்.