லோரியைக் கழுவிய மஞ்சள் தண்ணீர்

கிராணியாரே, நீங்கள் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னீர்கள். லோரியில் பிரேக் சரியில்லை என்று என் அண்ணன் உங்களிடம் சொல்லவே இல்லை என்றீர்கள். அதனால் அவர் ஜெயிலுக்குப் போனார்.

இது பொய் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணன் உங்கள் ஜன்னலில் நின்று பேசியபோது நான் அங்கே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் வீட்டுக்கு வந்து சொன்னது. கோர்ட்டில் அதற்கு மதிப்பில்லை. இதைப் புரிந்துகொள்ள, மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்ட நான் ஒரு சட்டப் புத்தகத்தோடு மாசக்கணக்கில் மாரடித்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லோரிக்காரர்கள் மற்ற ஆட்களைப் போலக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுக்க மாட்டார்கள். பெரட்டுக்கு முன்பே, பனி கலையாத நேரத்தில், ஆபீஸ் ஜன்னலுக்குப் போவார்கள். உள்ளே கணக்கெழுதுகிற கிராணி உட்கார்ந்திருப்பார். எந்த மலைக்கு ஆள் ஏற்ற வேண்டும், லோரியில் என்ன கோளாறு என்பதெல்லாம் வாய்ப்பேச்சுதான். கிராணி மனசு வைத்தால் லோரி புத்தகத்தில் எழுதுவார். எழுதினாரா என்று எட்டிப்பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அண்ணனுக்கு எழுதப் படிக்க வராது. எட்டிப்பார்த்திருந்தாலும் பிரயோசனமில்லை.

எழுபதுகளின் கடைசி. ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது அண்ணன் சொன்னார். "பிரேக்கு ரெண்டு மூனு தடவ மிதிச்சாத்தான் புடிக்குது பாப்பா. பின்னாடி சக்கரத்துல எண்ண வழியுது. இன்னைக்கும் கிராணிகிட்ட சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சாமான் கீழ தாப்பா டவுன்லேர்ந்து வரணுமாம். அது வரைக்கும் மெதுவா ஓட்டு லா, நீ என்ன ரேசுக்கா போறன்னு சிரிச்சாரு."

மறுநாள் காலையில் பின்மலைக்குப் போகிற பெண்கள் லோரி ஏறினார்கள். நான் பக்கத்து மலை, நடந்தே போகிறவள். கூடையை மாட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். லயத்து வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்துக் கதவு அக்கா கடைசியாக ஏறினார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் அம்மா காய்ச்சலில் கிடந்த மாசமெல்லாம் என்னை வளர்த்தவர் அவர்.

"தம்பி, இன்னைக்காவது குலுக்காம கொண்டுபோ. நேத்து குலுக்குன குலுக்கல்ல தோடு ஒன்னு காணோம்."

"தோடு விழுந்தா தேடிக்கலாம்க்கா. நீ விழுந்தா ரோடு ஒடஞ்சிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஓடைக்கு இறங்குகிற வளைவில் லோரி நிற்கவில்லை. கால்வாயில் இறங்கிச் சாய்ந்தது. நாலைந்து பேருக்குக் கை கால் முறிந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பாறையில் விழுந்து அங்கேயே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ரிங்லெட்டிலிருந்து போலீஸ் வந்தது. நாடா பிடித்து அளந்தார்கள். அண்ணனிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டார்கள். டிராக்டர் வைத்து லோரியை இழுத்து வந்து, முனியாண்டி கோயிலுக்கு எதிரே இருக்கிற கொட்டகையில் விட்டார்கள். வண்டியைச் சோதிக்கிற ஆபீசர் இரண்டு நாளில் வருவார் என்றார்கள். தொடக்கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

நாங்கள் செய்தது இங்கேதான் வருகிறது. எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் அக்காவைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகிற பாதை அந்தக் கொட்டகையை ஒட்டித்தான். லோரிப் பலகையில் ரத்தம் காய்ந்து கிடந்தது. காக்கை உட்கார்ந்தது. ரத்தம் பட்ட வண்டி சாமிக்கு எதிரே நிற்கக்கூடாது. இறந்தவரின் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு போகக்கூடாது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, எலுமிச்சம்பழம் அறுத்து வைக்க வேண்டும். தோட்டத்தில் எந்த வண்டியில் அடிபட்டாலும் அப்படித்தான் செய்வோம். யாரும் செய்ய முன்வரவில்லை. வண்டி ஓட்டினவனே செய்யட்டும் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள்.

அண்ணன் நெற்றியில் கட்டோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய்ச் சொன்னேன். "அண்ணே, பெட்டி எடுக்கறதுக்குள்ள லோரிய கழுவிடலாம். அக்கா பிள்ளைங்க பாக்க வேணாம்."

இதை நான்தான் சொன்னேன். மஞ்சளைக் கரைத்ததும் நான்தான். வாளி வாளியாகத் தூக்கிக் கொடுத்தேன். அண்ணன் பலகையைத் தேய்த்தார். பிறகு குனிந்து சக்கரங்களைத் தேய்த்தார். பின்சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்தது. அதையும் தேங்காய் நாரும் சோப்பும் போட்டுச் சுத்தமாகத் தேய்த்தார். அதில் ரத்தம் இல்லை. ஆனாலும் தேய்த்தார். அழுதுகொண்டே தேய்க்கிற மனுசன் எது ரத்தம், எது எண்ணெய் என்று பார்த்துக்கொண்டிருப்பாரா?

ஆபீசர் வந்து பார்த்தபோது வண்டி புதுசு மாதிரி இருந்தது. எண்ணெய் ஒழுகின தடமே இல்லை என்று எழுதினார். பிரேக்கை மிதித்தார், பிடித்தது. இடையில் யாரோ பிரேக் எண்ணெய் ஊற்றியதாகத் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நான் பார்க்கவில்லை. அதனால் அதை உங்கள்மேல் போட மாட்டேன்.

அண்ணன்மேல் கேஸ் போட்டார்கள். தாப்பாவில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். நல்ல மனுசர், ஆனால் கை நிறைய கேஸ். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த வளைவு ரோட்டில் பஸ் ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டே போவேன். ஒருநாள் அவரிடம் கேட்டேன், சாட்சி சொல்வதற்கென்று சட்டம் இருக்கிறதாமே, அதை நான் படிக்கலாமா என்று. சாட்சியச் சட்டப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "இங்கயே உக்காந்து படிம்மா. வெளிய மட்டும் எடுத்துட்டுப் போயிடாத."

எல்லாம் இங்கிலீஷ். பள்ளிக்கூட அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக நோட்டில் எழுதினேன். வக்கீலின் குமாஸ்தா என் கையைப் பார்ப்பார். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரலெல்லாம் கறை. "என்னம்மா, அடுத்த வாரம் கறுப்புக் கோட்டு தச்சிருவமா?" என்பார். "உங்க அளவுலயே தைங்கண்ணே, எனக்கு லூசா இருந்தா பரவால்ல" என்றேன் ஒருநாள். அப்புறம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

முதலில் எனக்குக் கிடைத்த அடி இதுதான்: காதால் கேட்க வேண்டிய விஷயத்துக்கு, நேராகத் தன் காதால் கேட்டவர்தான் சாட்சி. கேட்டவர் சொல்லிக் கேட்டவர் சாட்சியில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் நீங்கள். மூன்றாவது ஆள் கிடையாது. நான் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள்.

இறந்துபோனவர் தன் சாவுக்கான காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு கோர்ட்டில் செல்லும் என்று ஒரு பிரிவு இருந்தது. அதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்தேன். அக்கா எதுவும் சொல்லாமல் போனவர்.

எட்டாவது பிரிவைப் படித்த அன்றைக்குத் தாப்பா பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் நின்றேன். ஒருத்தர் குற்றம் செய்தாரா என்று பார்க்கும்போது, சம்பவத்துக்குப் பிறகு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் பார்க்கலாமாம். அதன் கீழே உதாரணங்கள் போட்டிருந்தது. சாட்சியப் பொருளை அழித்தவன், மறைத்தவன். எனக்கு வாளிதான் ஞாபகம் வந்தது.

அடுத்த முறை வக்கீலிடம் சொன்னேன். "ஐயா, கழுவச் சொன்னது நான். என்னைக் கூண்டுல ஏத்துங்க. எதுக்குக் கழுவினோம்னு நான் சொல்றேன்."

அவர் அண்ணனைக் கேட்டார். அண்ணன் முடியாது என்றார். என்னையும் கேசில் சேர்த்துவிடுவார்கள் என்று பயம். "அது கல்யாணம் ஆகவேண்டிய பிள்ள, அதை இழுக்காதீங்க" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மலையிலிருந்த கோர்ட்டில் விசாரணை நடந்தது. பிரேக் பற்றிச் சொன்னேன் என்று அண்ணன் சொன்னார். சொல்லவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். இரண்டு பேர், இரண்டு வாய். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றீர்கள். லோரி புத்தகம் எங்கே என்று வக்கீல் கேட்டார். அந்தப் புத்தகம் மழையில் நனைந்துவிட்டது, குப்பையோடு எரித்துவிட்டோம் என்றீர்கள். வக்கீல் அதற்குமேல் கேட்கவில்லை.

பிறகு அரசாங்க வக்கீல் அண்ணனைக் கேட்டார்.

"லோரிய கழுவினது யாரு?"

"நான்தான்."

"சக்கரத்தையும் கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"யார் சொல்லி?"

அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லல. நானாத்தான் கழுவினேன்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து கத்தியிருக்க வேண்டும். நோட்டில் எழுதி வைத்த சட்டமெல்லாம் மடியில் கிடந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் ஜெயிலுக்குப் போன பிறகும் தாப்பாவுக்குப் போய்ப் படித்தேன். எதற்கு என்று குமாஸ்தா கேட்கவில்லை. நூற்றுப் பதினான்காம் பிரிவைக் கண்டது அப்போதுதான். காட்டக்கூடிய ஒரு சாட்சியத்தைக் காட்டாமல் வைத்துக்கொண்டால், அதைக் காட்டியிருந்தால் அது அவர்களுக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். லோரி புத்தகம். வக்கீலிடம் ஓடிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது கேஸ் போட்ட அரசாங்கத் தரப்புக்கு எதிராத்தான் பேசணும்மா, கிராணிக்கு எதிரா இல்ல. எரிஞ்சு போச்சுன்னு வேற சொல்லிட்டாரு. எடுபட்டிருக்குமான்னு தெரியல." அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆனா நான் கேட்டிருக்கணும்" என்றார்.

மேல்முறையீட்டுக்கான நாள் தாண்டிவிட்டது. நான் அந்தப் பிரிவைத் தேடிக் கண்டுபிடித்தது அவ்வளவு மெதுவாக. இங்கிலீஷ் இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் முன்னாடியே எட்டியிருப்பேன்.

அண்ணன் வெளியே வந்தார். தோட்டத்தில் வேலை கொடுக்கவில்லை. திரிங்காப்பில் ஒரு சீனர் தோட்டத்தில் முட்டைக்கோஸ் கூடை சுமக்கிறார். லோரியில் ஏற்றிக் கொடுப்பார், தான் லோரியில் ஏற மாட்டார். எங்கே போனாலும் நடைதான். அக்காவின் புருசனை ஒருமுறை ரோட்டில் பார்த்திருக்கிறார். அவர் சண்டை பிடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாராம்: "நெசமாவே சொன்னியாடா தம்பி?"

அந்தக் கேள்வி அண்ணனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

போன வருசம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு உங்களை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற பெரிய கிராணி என்று மாலை போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். "நான் வேல பாத்த காலத்துல ஆபீஸ் தப்பால ஒரு உசுரு போனதில்ல" என்று பேசினீர்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். அன்னதான வரிசையில் என் அண்ணன் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நீங்கள் அவரைப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது. அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

பாலத்துப் பக்கம் நின்று கேட்டார். "பாப்பா, நான் சொன்னேன்ல? அன்னைக்கு ஜன்னல்ல?"

"சொன்னீங்கண்ணே."

"நீ கேட்டியா?"

கேட்டேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். அன்று ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார். சட்டம் படித்துக் கெட்டுப்போன என் வாயில் அது வரவில்லை.

"நீங்க வீட்டுக்கு வந்து சொன்னீங்க. அதைத்தான் நான் கேட்டேன்" என்றேன்.

தலையை ஆட்டினார். "வீட்ல சொன்னேன். ஜன்னல்ல சொன்னேனா, சொல்லணும்னு நெனச்சிட்டுப் போய்ட்டேனான்னு இப்பல்லாம் தெரியல பாப்பா. அவ்ளோ படிச்ச மனுசன், சாமி முன்னாடி நின்னு சொல்றாரு. சொல்லாமலேயே அக்காவ ஏத்திக்கிட்டுப் போய்ட்டேனோ."

ஜன்னலில் இரண்டு பேர்தான் இருந்தீர்கள். அதில் ஒருத்தருக்குத் தன் வாயின்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. நான் செய்த தப்பை எழுதிவிட்டேன்: மஞ்சளைக் கரைத்தேன், வாளியைத் தூக்கினேன், கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி நேரடிச் சாட்சி என்று மிச்சமிருப்பது நீங்கள் ஒருத்தர்தான். கேஸ் முடிந்துவிட்டது. உங்களை ஜெயிலில் போட எனக்கு ஆசையில்லை. அண்ணனுக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

வருகிற திருவிழாவிலும் உங்களுக்கு மைக் கொடுப்பார்கள். அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். மாலை வாங்குவதற்கு முன்னால், அதே மைக்கில், எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். விபத்துக்கு முந்திய காலைகளில் என் அண்ணன் உங்கள் ஜன்னலுக்கு வந்து பிரேக் சரியில்லை என்று சொன்னாரா, இல்லையா?