நாலு பட்டை ஊசி

கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறவர் அவர். வேலை நேரமெல்லாம் ஆகாயத்தில் தொங்கும் கண்ணாடிக் கேபினுக்குள் இருப்பதால் துறைமுகத்தில் அவருக்கு ‘மேகம்’ என்று பட்டப்பெயர். “மேகம் இறங்கியாச்சா?” என்று யாராவது கேட்டால் ஷிஃப்ட் முடிந்ததா என்று அர்த்தம்.

பலமாகக் காற்று வீசிய ஒரு நாள், கேபினின் இரும்புக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கதவிடுக்கில் சிக்கின. எலும்பு தப்பியது, விரலை மடக்கும் தசைநார்கள் அறுந்துவிட்டன, உணர்ச்சி நரம்பும் நசுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். அவை யாரோ ஒருவருடைய விரல்கள் மாதிரி சும்மா கிடந்தன.

பெட்டியை ஏற்றி இறக்குவது வலது கைப் பக்கத்து லீவர். அதை மயிரிழை கூடுதலாகத் தள்ளினால் கீழே லாரியில் இருக்கிறவன் தலைமேல் இரும்புப் பெட்டி வேகமாக இறங்கும். அந்த லீவரைத் தொட இனி டாக்டரும் மேற்பார்வையாளரும் அனுமதிக்க வேண்டும். அதுவரை அரைச் சம்பளம். அவருடைய இருக்கையில் தற்காலிகமாக உட்காரவைக்கப்பட்டவனோ அவர் மனைவியின் தம்பி. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

பிசியோதெரபி கொடுத்த பெண், ரப்பர் பந்தை அமுக்கவைத்தாள், கிண்ணத்திலிருந்து பட்டாணி பொறுக்கவைத்தாள். பிறகு ஒருநாள் கேட்டாள்.

“வீட்ல யாருக்காவது ஸ்வெட்டர் பின்னத் தெரியுமா சார்?”

“என் வீட்டுக்காரிக்குத் தெரியும்.”

“நல்லதாப் போச்சு. உங்களுக்குக் கத்துக்கொடுக்கச் சொல்லுங்க.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மனைவி அன்றைக்கே பஸ் நிறுத்தத்துப் பக்கத்துக் கடையில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் ஊசியும் சாம்பல் நிறக் கம்பளி நூலும் வாங்கி வந்தாள். “பழகறதுக்குத்தானே, இது போதும்” என்றாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்ட பிறகுதான் அவர் ஊசியைக் கையில் எடுத்தார். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் துறைமுகம் முழுக்கப் பரவிவிடும் என்கிற பயம்.

கற்றுக்கொடுப்பதில் அவளுக்குப் பொறுமை கம்மி. கற்றுக்கொள்வதில் அவருக்கு அதைவிடக் கம்மி.

“ஏங்க, அது நூலுங்க. யாரோட கழுத்தும் இல்ல. ஏன் இப்படி நெரிக்கிறீங்க?”

“விட்டா நழுவுதே, நான் என்ன பண்றது!”

அதுவும் உண்மைதான். பிளாஸ்டிக் ஊசி அழுத்தினால் வளைந்தது. கை வியர்த்தால் நூல் அதில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. விரல் நுனியில் பாதிதான் உணர்ச்சி, அதனால் ஊசி கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியாது. விழாமல் இருக்க அவர் இறுக்கிப் பிடித்தார். இறுக்கியதில் நகக்கண் வெளுத்தது. வெளுக்க வெளுக்க, கைக்குப் பலம் வருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். இந்த நம்பிக்கையோடுதான் முதல் சோதனைக்குப் போனார்.

காலியான கன்டெய்னரைக் கப்பலிலிருந்து எடுத்து லாரியில் வைக்க வேண்டும். சிலமுறை செய்து காட்டினால் போதும். கேபினில் அவருக்குப் பின்னால், பாதுகாப்புக்காக, மச்சான் உட்கார்ந்திருந்தான். அவன் கைக்கு எட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் எல்லாமே அப்படியே நின்றுவிடும். சோதனையும் அதோடு முடிந்துவிடும்.

முதல் பெட்டி சுத்தமாக இறங்கியது. இரண்டாவதும். காலுக்குக் கீழே கண்ணாடித் தரை வழியாக லாரிகள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன. அடுத்த பெட்டி பாதி வழி வந்தபோது நடுவிரல் குளிர்ந்தது. பிறகு ஆள்காட்டி விரல். லீவரைப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது.

“மாமா?” என்றான் பின்னாலிருந்து மச்சான்.

“ஒண்ணுமில்ல.”

அவர் இடது கையை எட்டிப் போட்டு வலது கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையுமாகப் பெட்டியை இறக்கினார். ஓசையில்லாமல் லாரியில் உட்கார்ந்தது. கீழே யாருக்கும் எதுவும் தெரியாது.

தரைக்கு வந்ததும் மேற்பார்வையாளர் அவரைக் கேட்கவில்லை. மச்சானைத்தான் கேட்டார். “எப்படி?”

மச்சான் தன் பூட்ஸைப் பார்த்தான். “பெட்டியெல்லாம் சரியா வெச்சார் சார். ஆனா கடைசியில விரல் மரத்துப்போச்சு. கை மாத்திப் பிடிச்சார்.”

அவ்வளவுதான். அனுமதி இல்லை. மழைக்காலம் கழிந்து மறுபடி வரச்சொன்னார்கள்.

வீட்டில் அவர் சொல்வதற்குள் துறைமுகத்திலிருந்து யாரோ மனைவிக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லியிருந்தார்கள். “கூடப் பொறந்தவன் செய்யிற வேலையா இது? உங்க சீட்டு அவனுக்கு நிரந்தரமாகணும், அதுக்குத்தான் போட்டுக்கொடுத்திருக்கான்!” என்று கொதித்தாள். தம்பியைக் கூப்பிட்டு, இனிமேல் வாசல் மிதிக்காதே என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அவர் வாயே திறக்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதுதான் உறுத்தியது. பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம்.

மறுநாள் பிசியோதெரபிப் பெண்ணிடம் அதுவரை பின்னியதைக் காட்டினார். அவள் பின்னலின் ஒரு கண்ணிக்குள் தன் பேனா முனையை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

“சார், இது துணியா பலகையா? உங்க பிரச்சினை பலம் இல்ல, பிடி. நழுவிடும்னு பயந்து இறுக்கறீங்க. இறுக்கினா மரத்துப்போகுது. லீவரையும் இப்படித்தான் பிடிச்சிருப்பீங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “ஊசியை மாத்திப் பாருங்க. கேரண்டி எல்லாம் தரமாட்டேன்.”

நூல்கடை ஒரு விளக்குக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவர் படியேறினார். கடைக்கார அம்மா கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு, “யாருக்குங்க? பரிசாக் கொடுக்கவா?” என்று கேட்டாள்.

“எனக்குத்தான்.” சொல்லிவிட்டு, வடுப் பட்ட விரல்களை மேஜைமேல் வைத்தார்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரு நூல்துண்டில் சில கண்ணிகள் போட்டு, ஊசி ஊசியாக மாற்றிக் கொடுத்தாள். அலுமினிய ஊசி டிக் டிக்கென்று சத்தம் போட்டது. பத்துக் கண்ணி போவதற்குள் நாலு கண்ணி அதுவாகவே வழுக்கி இறங்கியது. ஸ்டீல் ஊசி கூராக இருந்தாலும் கனம். நடுவே வயர் கோத்த வட்ட ஊசியை எடுத்துக் கொடுத்து, “வயரும் ஊசியும் சேர்ற இடத்துல நகத்தால தடவிப் பாருங்க” என்றாள். மலிவானதில் நகம் தட்டியது. விலை கூடியதில் எங்கே சேர்கிறது என்றே தெரியவில்லை. “தட்டுச்சுன்னா ஒவ்வொரு வரிக்கும் நூல் அங்க மாட்டும். உயிரை வாங்கும்.”

மூங்கில் ஊசி அவருக்குப் பிடித்தது. கைச்சூட்டை வாங்கிக்கொண்டது, நூலும் அளவாக நகர்ந்தது. ஆனாலும் உருண்டையாக இருந்ததால் மரத்த விரலுக்குள் அது சுழன்றது. பழையபடி விரல் இறுகத் தொடங்கியது. கடைக்கார அம்மா அதைக் கவனித்தாள். உள்ளே போய் ஒரு நீளமான பெட்டியோடு வந்தாள்.

தேய்த்து மெருகேற்றிய மர ஊசி. உருண்டையாக இல்லை, பென்சிலைப் போலப் பட்டை பட்டையாக, ஆனால் நாலே பக்கம். நுனி மட்டும் கூம்பி இருந்தது. கையில் வாங்கியதும் ஒரு பட்டை விரலோடு படிந்து நின்றது. சுழலவில்லை. அவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார். விழவில்லை. இன்னும் தளர்த்தினார். அப்போதும் விழவில்லை.

விலையைக் கேட்டதும் பெட்டியை மூடினார். அந்தக் காசுக்கு நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கிவிடலாம்.

“சும்மா ஸ்வெட்டர் பின்றதுக்குன்னா நானே வேணாம்னு சொல்லுவேன்” என்றாள் அவள். “நுனி ஒழுங்கா இருந்து, உடம்பு வழவழன்னு இருந்தா சாதா மூங்கிலே போதும். அதுக்கு மேல கொடுக்கறது பாதி பெருமைக்கு. உங்க கைக்கு இது வேற விஷயம். ஆனா இதுல குணமாகும்னு நான் சொல்லமாட்டேன். நாளைக்கு வந்து என்னைப் பிடிக்காதீங்க.”

அவர் மறுபடி பெட்டியைத் திறந்தார்.

வீட்டில் எதிர்பார்த்த சண்டை நடந்தது. “அரைச் சம்பளத்துல வீடு ஓடுது. இவர் ரெண்டு மரக்குச்சிக்கு இவ்வளவு கொடுத்துட்டு வந்து நிக்கறார்! தங்கமுலாம் போட்டதா?”

“ஒரு தடவை பிடிச்சுப் பாரேன்.”

“எனக்கொண்ணும் வேணாம்.”

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் அவர் குளித்துவிட்டு வந்து ஊசியை எடுத்தபோது, விட்ட இடத்துக்கு மேல் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. அவருடையதைப் போல ஏறி இறங்காமல், கோடு கிழித்த மாதிரி.

“இதை யார் பின்னினது?”

“எனக்கென்ன தெரியும்?” என்று அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு ஊசியின் விலையைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

மழை ஓயும்வரை அவர் பின்னினார், பிரித்தார், திரும்பப் பின்னினார். நகக்கண் வெளுக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டார். கண்ணிகள் மெல்ல மெல்ல மூச்சு விடத் தொடங்கின. உணர்ச்சி முழுதாகத் திரும்பிவிடவில்லை. திரும்பாத இடத்தில் இறுக்காமல் இருக்கக் கை பழகியிருந்தது.

இரண்டாவது சோதனை அன்றும் மச்சானே பின்னால் உட்கார்ந்தான். லிஃப்டில் ஏறும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கேபின் கதவைச் சாத்தியபின் அவர்தான் வாயைத் திறந்தார்.

“கீழ கேட்பாங்க. அன்னிக்கு மாதிரியே சொல்லு.”

மச்சான் தலையாட்டினான். “சரி மாமா.”

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசிப் பெட்டி கப்பலின் விளிம்பைத் தாண்டியபோது பக்கவாட்டில் காற்று அறைந்தது. கேபின் கிறீச்சிட்டது. கீழே பெட்டி ஊஞ்சலாகி, லாரி டிரைவர் உட்கார்ந்திருந்த பக்கம் போனது. ரேடியோவில் யாரோ கத்தினார்கள். கண்ணோரத்தில் சிவப்புப் பொத்தானை நோக்கி மச்சானின் கை போவது தெரிந்தது.

“இரு” என்றார். கத்தவில்லை.

கை பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது. பெட்டியை உடனே நிறுத்தப் பார்த்தால் ஆட்டம் கூடும். அவர் இடது கையால் கிரேனைப் பெட்டி போகிற திசையிலேயே ஓட்டிப்போய் அதற்கு நேர் மேலே வந்தார். வலது கை உயரத்தை மட்டும் காத்தது. அது இறுகத் துடித்தது. உடம்பே இறுகத் துடித்தது. அவர் விரலைத் தளர்த்தினார். மூச்சை விட்டார். பெட்டி ஒருமுறை போய் வந்தது, இன்னொரு முறை கொஞ்சமாகப் போய் வந்தது, பிறகு நின்றது. காற்று அடங்கும்வரை அவர் அதை ஆகாயத்திலேயே வைத்திருந்தார். ரேடியோவில் “இறக்குங்க, இறக்குங்க” என்றார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் கைக்குச் சரியென்று பட்டபோதுதான் இறக்கினார்.

கீழே மேற்பார்வையாளர் மச்சானைப் பார்த்தார்.

“மரத்துப்போகல சார். கண்ணெடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தேன். அந்தக் காத்துல லீவரை நான் பிடிச்சிருந்தா பொத்தானை அழுத்தியிருப்பேன்.”

அனுமதி கிடைத்தது. முழு ஷிஃப்ட் இல்லை, முதலில் அரை நேரம்தான். மச்சானை, கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டில் வேறு கிரேனுக்கு மாற்றினார்கள்.

விஷயத்தைச் சொன்னபோது பிசியோதெரபிப் பெண் கைகுலுக்கினாள். அந்த ஊசியால்தானா என்று அவர் கேட்டார். “ஊசியா, நாள் போனதாலயா, யாருக்குத் தெரியும் சார்? ரெண்டும்னு வெச்சுக்கோங்க” என்றாள். அந்தப் பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அவளுடைய போனை எடுத்து நீட்டினார். “உன் தம்பியைக் கூப்பிடு.”

“நான் எதுக்குக் கூப்பிடணும்? அவன் அன்னிக்குப் பண்ணினது...”

“அன்னிக்கு அவன் சொன்னது நிஜம். என் விரல் செத்துப்போயிருந்துச்சு. அவன் மறைச்சிருந்தா, அடுத்த வாரமே யாராவது ஒருத்தன் லாரியோட நசுங்கியிருப்பான். அதை உன்கிட்ட நான்தான் சொல்லியிருக்கணும். சொல்லல.”

அவள் போனை வாங்கவில்லை. அவரே தம்பியின் எண்ணைப் போட்டார். மறுமுனையில் “அக்கா?” என்று தயங்கிய குரல் கேட்டதும், அவள் போனை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, “எங்கேடா இருக்கே? சாப்பிட்டியா?” என்று அதட்டினாள்.