ஹவுன்ஸ்லோவின் முதல் தெரிவுகள்

திரையில் நான்கு பெயர்கள் இருந்தன. நான்குக்கும் எதிரே ஒரே அணியின் பெயர்தான்: ஹவுன்ஸ்லோ. கடைசி நிரலில் 'இப்போது எங்கே?' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். முதல் பெயருக்கு நேரே 'விலகினார்'. இரண்டாவதுக்குக் 'காயம், பிறகு விலகினார்'. மூன்றாவதுக்கும் 'விலகினார்'. நான்காவதுக்கு வெறும் கேள்விக்குறி.

லண்டன் தமிழ்ப் பேஸ்போல் லீக்கின் ஆள்தெரிவுக்குக் கூடியிருந்த மண்டபம் முழுக்கச் சிரித்தது. மீன் ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"குகதாசன் அண்ணை, கோவிக்கக் கூடாது. லீக் தொடங்கின நாளில இருந்து முதல் தெரிவு எடுத்தவை எப்பிடி எண்டு சும்மா ஒரு பார்வை. நாலும் உங்கடையா வந்ததுக்கு நாங்கள் என்ன செய்ய?" என்றார் சிவனேஸ்வரி மைக்கில். அவர் ஹரோ அணியின் பொறுப்பாளர். கிழமை நாட்களில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் முன் மேசையில் இருப்பவர். இன்றைக்கு இடமில்லை, நாளைக்கும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகிய குரல் அவருக்கு.

"கோவமில்லைத் தங்கச்சி. உள்ளதைத்தானே போட்டிருக்கிறியள்," என்று ஹவுன்ஸ்லோவின் பொறுப்பாளரான குகதாசனும் சிரித்தார். இன்றைக்கு அவரால் சிரிக்க முடிந்தது. இந்த வருஷமும் முதல் தெரிவு அவருடையதுதான். யாரை எடுப்பது என்று மார்கழியிலேயே முடிவு செய்துவிட்டார். அந்த ஆள் நான்கு வரிசை தள்ளி, போனைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அவருடைய மகள் மிதுஷா, வயது பத்தொன்பது.

குகதாசன் ஹீத்ரோவில் சரக்குக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆறு வருஷத்துக்கு முன் கோடை விடுமுறைக்கு டொரன்டோவிலிருந்து வந்த அவருடைய மருமகன், தமக்கையின் மகன், இரண்டு மட்டையும் ஒரு பை பந்தும் கொண்டுவந்தான். ஹவுன்ஸ்லோ பூங்காவில் நாலு பேரைச் சேர்த்துப் பேஸ்போல் விளையாடிக் காட்டினான். யாழ்ப்பாணத்தில் எல்லே விளையாடிய தகப்பன்மாருக்கு அது பிடித்துப் போயிற்று. அங்கேயும் மட்டையால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதுதானே. அடுத்த கோடைக்குள் லண்டன் தமிழருக்குள் ஆறு அணிகள் கிளம்பிவிட்டன. கனடாவில் செய்வது போலவே தெரிவும் செய்ய வேண்டும் என்று மருமகன் சொல்லிவிட்டுப் போனான். ஒவ்வொரு பங்குனியிலும் பதினாறு வயதானவர்களின் பட்டியலை வைத்து அணிகள் முறைக்கு ஒருவராக எடுக்கும். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. எடுத்த பிள்ளை மூன்று வருஷம் அந்த அணிக்குத்தான். மூன்று வருஷம் முடிந்தால் பெயர் திரும்பவும் பட்டியலுக்கு வரும்.

முதல் வருஷம் சீட்டுக் குலுக்கியபோது முதல் தெரிவு குகதாசனுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு சீட்டுத் தேவைப்படவில்லை. கடைசி இடம் அவருக்கென்றே எழுதி வைத்தது போலாகிவிட்டது.

அவர் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்த விதம் இதுதான். பிள்ளைகள் விளையாடிக் காட்டும் ட்ரயல் நாளில் மைதான ஓரத்தில் நின்று பார்ப்பார். ஒரு பிள்ளை கொஞ்சம் நன்றாக ஓடினால் கிட்டப் போய், "தம்பி, அப்பா ஆர்? எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்பார். பிள்ளையின் பள்ளிக்கூடத்தை அல்ல, தகப்பன் ஊரில் படித்த பள்ளிக்கூடத்தை. விடை பிடித்திருந்தால் மேற்கொண்டு பிள்ளையைப் பார்க்க மாட்டார்.

முதலாவது நிருஜன். அவனுடைய தகப்பன் ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களை நடுங்கவைத்த பந்துவீச்சாளர். நிருஜனுக்குத் தகப்பனின் உயரம் இருந்தது, ஆசைதான் இல்லை. இரண்டு மாதத்தில் மெடிசின் படிக்க வேண்டும் என்று டியூஷனுக்குப் போய்விட்டான். மூன்றாம் வருஷம் யனுஷன். அவனுடைய தகப்பன் பள்ளிக்கூடக் கூரைக்கு மேலால் பந்தை அடித்தவர். மகன் பந்து வந்தால் கண்ணை மூடுவான். நான்காம் வருஷத்து ஜெஸ்ரின் முதல் நாள் குழுப்படத்துக்கு வந்து நின்றதோடு சரி. அவனுக்காக விட்ட பிள்ளை ஆதித்யா, இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். "நல்லாத்தான் அடிக்கிறான். ஆனா தகப்பனைப் பற்றி விசாரிக்க எங்களுக்கு அங்க ஆரைத் தெரியும்?" என்று குகதாசன் சொன்னார். ஆதித்யாவை செவன் கிங்ஸ் அணி எடுத்தது. அந்த வருஷக் கிண்ணமும் செவன் கிங்ஸுக்குத்தான் போனது.

இரண்டாம் வருஷத்தைப் பற்றி அவர் யாரோடும் கதைப்பதில்லை.

அது மிதுஷாவின் வருஷம். அவளுக்கு எட்டு வயதானதிலிருந்தே டொரன்டோ மச்சான் கோடைக்கு வரும்போதெல்லாம் பந்து எறியப் பழக்கினான், லீக் தொடங்கும் முன்பே ஒரு கிளவ்ஸும் அனுப்பியிருந்தான். ஷிப்ட் முடிந்து வந்து வீட்டுப் பின்வளவில் குந்தியிருந்து அவள் எறியும் பந்தைப் பிடித்தவர் குகதாசன்தான். கை சிவந்து வீங்கும். "மெதுவா எறியடி பிள்ளை, நாளைக்கு நான் ஸ்டியரிங் பிடிக்க வேணும்," என்று கத்துவார். அவள் இன்னும் வேகமாக எறிவாள்.

தெரிவுக்கு முதல்நாள் காலைச் சாப்பாட்டில் அவள் கேட்டாள், "அப்பா, நாளைக்கு என்னை எடுப்பியள்தானே?"

"உன்னை எடுக்காமலோ? நீ வீட்டுப் பிள்ளை. எங்க போகப் போறாய்?"

அவள் பள்ளிக்கூடம் போனபின் மனைவி நாகேஸ்வரியிடம்தான் உள்ளதைச் சொன்னார். "முதல் தெரிவிலயே சொந்த மகளைக் கூப்பிட்டாச் சனம் என்ன கதைக்கும்? முதல் ஷெறோனை எடுக்கிறன். அவன்ர தகப்பன் எங்கட எல்லே டீமுக்குக் கப்டன். இவளைக் கடைசிச் சுத்தில எடுக்கலாம். என்ர பிள்ளை எண்டு எல்லாருக்கும் தெரியும், வேற ஆர் கை வைக்கப் போகினம்?"

"இதை அவளிட்டச் சொன்னனீங்களோ?"

"சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு?"

மறுநாள் அவர் ஷெறோனின் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். அடுத்த முறை ஹரோவுடையது. சிவனேஸ்வரி எழுந்து, "மிதுஷா குகதாசன்," என்றார்.

குகதாசன் கதிரை விழ எழும்பினார். "தங்கச்சி, அது என்ர மகளெல்லோ!"

"தெரியும் அண்ணை. நீங்கள் எடுக்கேல்லையே."

அன்றும் மண்டபம் சிரித்தது. திரும்பும்போது மிதுஷா காரில் முன்சீட்டை விட்டுப் பின்சீட்டில் ஏறினாள். பிறகு, "ஷெறோன் ஒரு பந்தாவது பிடிச்சு நான் பார்க்கேல்லை அப்பா," என்றாள்.

"அவன்ர தகப்பன் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு உனக்குத் தெரியாது."

"அப்ப என்ர தகப்பனைப் பார்த்துத்தான் என்னை விட்டிருக்கிறியள்."

குகதாசன் சிவப்பு விளக்கில் நின்றார். பச்சை வந்த பிறகும் நின்றார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் எந்த டீமுக்கும் எடுத்ததில்லை. ஷெறோனின் தகப்பன் விளையாடிய நாட்களில் எல்லைக் கோட்டுக்கு வெளியே தண்ணீர் வாளியோடு நின்றவர் அவர். இதை அவரே பகிடியாக வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

ஷெறோன் மூன்றாவது மேட்ச்சில் விரலை முறித்துக்கொண்டு, அதையே சாட்டாக வைத்துப் போய்விட்டான். மிதுஷா ஹரோவின் முதல் பந்துவீச்சாளர் ஆகிவிட்டாள். பின்வளவில் தகப்பனோடு எறிவதை நிறுத்தினாள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிய அங்கேயே நின்று ஹரோ பிள்ளைகளோடு பழகினாள். வீட்டில் சாப்பாடு, படிப்பு, சிரிப்பில்லாத 'ஓம் அப்பா' எல்லாம் இருந்தன. பந்துப் பேச்சு மட்டும் இல்லை.

அதுகூட ஆறியிருக்கும். ஆற விடாமல் செய்ததும் குகதாசன்தான்.

போன கோடையில் ஹவுன்ஸ்லோவுக்கும் ஹரோவுக்கும் மேட்ச். மூன்று வருஷமாக ஹரோவிடம் ஒரு முறையாவது வெல்லவில்லை என்று அவருடைய பையன்களே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். குகதாசன் அவர்களை வட்டமாகக் கூப்பிட்டார். "மெதுவான பந்து போட முதல் அவள் கீழ்ச்சொண்டைக் கடிப்பாள். அதைப் பாருங்கோ. சொண்டைக் கடிச்சா ஒரு கணம் பொறுத்து அடியுங்கோ," என்றார்.

அவள் உதட்டைக் கடிக்கும் அந்தப் பழக்கம் பின்வளவில் எட்டு வருஷம் குந்தியிருந்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். பையன்கள் அடித்தார்கள். மிதுஷாவின் ஒவ்வொரு மெதுவான பந்தும் வேலிக்குப் போயிற்று. மூன்றாவது பந்து போனபோது அவள் திரும்பி மட்டை பிடித்தவனைப் பார்க்கவில்லை, ஓரத்தில் நின்ற தகப்பனைப் பார்த்தாள். ஹவுன்ஸ்லோ வென்றது. அந்த வெற்றியால் ஒரு இடம் மேலே ஏறுவோம் என்று குகதாசன் கணக்குப் போட்டார். மிச்ச மேட்ச் எல்லாம் தோற்று, பழையபடி கடைசிக்கே வந்தார்கள்.

அன்று வீட்டில் நாகேஸ்வரி கேட்டார், "உதைப் போய்ச் சொல்லலாமோ? பெத்த தகப்பனெல்லோ நீங்கள்?"

"விளையாட்டு எண்டா விளையாட்டுத்தான்."

"அவளுக்கு அப்பிடி இல்லை."

மார்கழியில் மிதுஷாவின் மூன்று வருஷம் முடிந்து பெயர் திரும்பப் பட்டியலில் வந்ததைப் பார்த்ததும் குகதாசனுக்கு எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம் போலிருந்தது. முதல் தெரிவு தன் கையில். மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க, மகளின் பெயரை முதலாவதாகச் சொல்வது. அதைவிட என்ன வேண்டும்? யாரை எடுப்பது என்று தெரிந்துவிட்டதால் இந்த வருஷ ட்ரயலுக்கே அவர் போகவில்லை. ஓவர்டைம் செய்தார்.

"முதல் அவளைக் கேளுங்கோப்பா," என்று நாகேஸ்வரி இரண்டு முறை சொன்னார்.

"கேட்டா அதில என்ன இருக்கு? அவள் எதிர்பாராமல் இருக்க வேணும்."

சிவனேஸ்வரி திரையை அணைத்தார். "சரி, விசயத்துக்கு வருவம். முதல் தெரிவு, நாங்கள் எல்லாரும் எதிர்பார்க்கிற மாதிரி, ஹவுன்ஸ்லோ!"

குகதாசன் எழுந்து சேர்ட்டை இழுத்துவிட்டார். "மிதுஷா குகதாசன்."

பலர் கழுத்தை நீட்டி மிதுஷாவைப் பார்த்தார்கள். பிறகு கைதட்டல். யாரோ விசிலும் அடித்தார்கள். "இப்பவாவது கண் தெரிஞ்சுதே அண்ணை!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, குகதாசன் கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டார். மகளை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கண் கலங்கிவிடும் என்று பயந்தார்.

சிவனேஸ்வரி படிவங்களைப் புரட்டினார். ஒன்றில் நின்றார். முதல் தடவையாக அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"அண்ணை, வேற ஒரு பேர் சொல்லுங்கோ," என்றார் மெதுவாக.

"ஏன்?"

"மூண்டு வருசம் முடிச்ச பிள்ளையள் ஒரு அணிக்குப் போக மாட்டன் எண்டு எழுதலாம். சட்டம் இருக்கு. நீங்களும் கை உயர்த்திப் போட்ட சட்டம்தான்."

படிவத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். 'போக மாட்டேன்' என்ற கட்டத்துக்குள் மிதுஷாவின் நேரான கையெழுத்தில் ஹவுன்ஸ்லோ என்று இருந்தது. தேதியும் இருந்தது. மாசி மாதம் மூன்றாம் தேதி. அன்று அவருக்குப் பிறந்தநாள் என்று அவள் கேக் வாங்கி வந்தது குகதாசனுக்கு ஞாபகம் வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். மிதுஷா போனை மடியில் வைத்துவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

"ரெண்டு நிமிசம்தான் அண்ணை," என்றார் சிவனேஸ்வரி.

குகதாசன் பட்டியலை எடுத்தார். பதினாலு பெயர்கள். ஒருவரின் முகமும் தெரியாது. யார் எறிவார், யார் ஓடுவார், எதுவும் தெரியாது. கேட்பதற்கு ஒரு தகப்பனும் அருகில் இல்லை. பட்டியலின் மேலே இருந்த பெயரை வாசித்தார்.

"பிரீத்தா பத்ரிநாராயணன்."

சுவரோரம் இருந்த ஒரு பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். அவளுடைய அம்மா வேதவல்லி போனை உயர்த்திப் படமெடுத்தார். பிரீத்தா கதிரைகளுக்கு நடுவே ஓடி வந்து குகதாசனின் மேசையில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"அங்கிள், என்னையா? ஃபர்ஸ்ட் பிக்கா? நான் லாஸ்ட் ரவுண்ட்லகூட எதிர்பார்க்கல!"

மைக்கில் சிவனேஸ்வரியின் குரல் கேட்டது. "ஹரோவின்ர தெரிவு, மிதுஷா குகதாசன்." திரும்பவும் கைதட்டல். கொஞ்சம் குறைவான, சங்கடமான கைதட்டல்.

ஹரோவின் மேசைக்குப் போவதற்கு மிதுஷா தகப்பனின் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். அவள் வந்துகொண்டிருந்தாள். பிரீத்தா அதைக் கவனிக்கவில்லை.

"ட்ரயல் அன்னைக்கு உங்களைத் தேடினேன் அங்கிள். ஹவுன்ஸ்லோ கோச் வரலன்னு அம்மா சொன்னாங்க. நீங்க எங்க நின்னு பார்த்தீங்க?"

குகதாசன் கையால் எங்கோ காட்டினார். "அங்கதான் பிள்ளை. ஒரு ஓரமா நிண்டு பார்த்தனான். நல்லா எறிஞ்சனீர்."

"எறியலயே அங்கிள். நான் பேட்டிங் மட்டும்தான் பண்ணேன்."

மிதுஷா நின்றாள். தகப்பனை ஒரு முறை பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா அண்டைக்கு வேலை. வரேல்லை," என்றாள். "நான் வந்தனான். நீர் நல்லா அடிச்சனீர், உண்மையா. நாங்கள் ரெண்டாவது சுத்தில உம்மை எடுக்க இருந்தம்."

சொல்லிவிட்டு அவள் ஹரோவின் மேசைக்குப் போனாள். அங்கே பிள்ளைகள் அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டார்கள்.

பிரீத்தாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. தூரத்தில் அவளுடைய அம்மா இன்னும் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என்னை எதுக்கு எடுத்தீங்க, அங்கிள்?" என்று கேட்டாள்.

குகதாசன் பட்டியலை மடித்தார். மறுபடி விரித்தார். மேலே முதலாவதாக இருந்த அவளுடைய பெயரில் விரலை வைத்தார்.