ரோக்ஸான் மடியில் இருந்த கறுப்புப் பலகை

டெல்மர் ஜாஸ்ட்ரோ வாழ்நாளெல்லாம் பால் லாரி ஓட்டியவர். பண்ணை பண்ணையாகப் போய், குளிர்தொட்டியின் மூடியைத் தூக்கி, குனிந்து மோந்து பார்த்து, மனசுக்குச் சரியென்று பட்டால்தான் குழாயை மாட்டுவார். படாவிட்டால் மாட்டமாட்டார். அந்தப் பால் சாக்கடைக்குத்தான் போக வேண்டும். அதற்கு அதிகாரம் லாரிக்காரருக்கு உண்டு.

ஒருமுறை ஆர்வில் என்கிற பால்ய நண்பரின் தொட்டியிலேயே தீவனப் புளிப்பு அடிக்கிறது என்று சொல்லிவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பாலைக் கொட்டியாயிற்று. பரிசோதனைக்கு எடுத்துப்போன சீசாவில் குறையே இல்லை என்று பிறகு தகவல் வந்தது. ஆர்வில் அதன்பின் சாகும்வரை அவரோடு பேசவில்லை. "சோதிச்சவன் தப்பா சோதிச்சிருப்பான்" என்பதுதான் டெல்மரின் கட்சி. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் அதையே சொன்னார் என்று அவர் மனைவி வெர்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் அவளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

ஓய்வுபெற்ற பிறகு மோந்து பார்க்கத் தொட்டி இல்லை. கை சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருக்குமா? தபால்காரர் ஏன் இன்று தாமதம், பக்கத்து வீட்டுக்காரன் எதற்குப் புதிதாக வேலி போடுகிறான் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்த ஜனவரியில் நாயின் கழுத்தில் கட்டும் வருஷ உரிம வில்லையை வாங்க ஆல்டர் கிரீக் ஊர் மன்றத்துக்குப் போனார். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்து ஊர் மன்றம் என்றால் ஒரு கூடம், ஒரு கழிப்பறை, ஓரத்தில் எழுத்தர் உட்காரும் அறை. எழுத்தர் ரோக்ஸான் ப்ரோக்னோ. ஐம்பதை ஒட்டிய வயது. வாரத்தில் மூன்று நாள் இங்கே, மிச்ச நாள் பல் மருத்துவரின் வரவேற்பறையில். ஊரில் பிறப்பு, இறப்பு, வரி, ஓட்டு எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும்.

டெல்மர் உள்ளே நுழைந்தபோது ரோக்ஸான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மேசைக்குக் கீழே. ஆனால் திரையில் அம்புக்குறி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. டெல்மரின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். கீழே கை லேசாக அசைந்தது. திரையில் இருந்த பக்கம் சட்டென்று ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய், அதன் இடத்தில் பனிமூடிய மலைப் படம் வந்து நின்றது.

டெல்மர் வில்லையை மறந்தார். எட்டிப் பார்த்தார். அவள் மடியில் தட்டையாக ஒரு கறுப்புப் பலகை. வயர் இல்லை, பொத்தான் இல்லை.

"உன் மவுஸ் எங்க போச்சு? பூனை தூக்கிட்டுப் போயிடுச்சா?" என்று கேட்டார்.

அது டச்பேட், மணிக்கட்டில் அறுவை செய்த பிறகு மவுஸைப் பிடித்தால் விரல் மரத்துப்போகிறது, இதில் விரலைச் சும்மா தேய்த்தால் போதும் என்று ரோக்ஸான் விளக்கினாள். மடியில் வைத்துக்கொண்டால் தோளும் வலிக்காதாம். வில்லையைத் தந்தாள். நாயின் நலம் விசாரித்தாள். எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் லாரிக்காரருக்குள் ஒரு மூடி திறந்துகொண்டது. நம்மைப் பார்த்ததும் எதை மறைத்தாள்?

வேறு சமயமாக இருந்தால் ஒரு வாரம் முனகிவிட்டு விட்டிருப்பார். அந்த ஏப்ரலில் ஓட்டெடுப்பு இருந்தது. ஆல்டர் கிரீக்கின் தீயணைப்புப் படையைக் கலைத்துவிட்டுப் பக்கத்து ஊரான பிரிண்டனோடு சேர்ந்துவிடலாமா, வேண்டாமா என்று. படையில் இருப்பவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள், சம்பளமில்லாமல் ஓடுகிறவர்கள். டெல்மரும் இளவயதில் அந்த வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு போனவர்தான். வயசான ஆட்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது என்று ஒரு கட்சி. பிரிண்டன் வண்டி வந்து சேர்வதற்குள் களஞ்சியம் சாம்பலாகிவிடும் என்று இன்னொரு கட்சி; டெல்மர் இந்தக் கட்சி. ஊர் சரிபாதியாகப் பிளந்து கிடந்தது. ரோக்ஸானின் தம்பிக்கு பிரிண்டனில் வீடு. இது போதாதா?

இரவு சாப்பாட்டின்போது அவர் வெர்னாவிடம் இதை அடுக்கிச் சொன்னார். ஓட்டைக் காகிதத்தில்தான் போடுகிறோம், கையால்தான் எண்ணுகிறோம், சரி. ஆனால் எண்ணிக்கையை மேலே கவுண்டி அலுவலகத்துக்கு அனுப்புவது அந்தக் கம்ப்யூட்டர். அதை ஆட்டுவது காற்றில் ஓடும் ஒரு பலகை. காற்றில் ஓடுவதை வெளியே காரில் உட்கார்ந்திருப்பவன் பிடிக்க முடியாதா?

வெர்னாவும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவரிடம் அவளுக்குப் பயம் கிடையாது. "உன் காது மிஷினும் காத்துலதான் ஓடுது. அதுல எவனாவது பேசுறானா?" என்றாள்.

அவர் காதுக் கருவியைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பிப்ரவரி முழுக்க அவர் அடிக்கடி ஊர் மன்றத்துக்குப் போனார். அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல நின்று ரோக்ஸானின் கையைப் பார்த்தார். இரண்டு விரலை மேலே இழுத்தால் பக்கம் நகர்கிறது. ஒரு விரலால் தட்டினால் திறக்கிறது. மூன்று விரலைச் சேர்த்துத் தள்ளினால் இருந்தது காணாமல் போகிறது. இந்த மூன்று விரல் சமாசாரம்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. மவுஸ் என்றால் சொடுக்குகிற சத்தமாவது கேட்கும். கை எங்கே போகிறது என்று எதிரே இருப்பவனுக்குத் தெரியும். இதில் சத்தமும் இல்லை, தடயமும் இல்லை. அவர் பார்ப்பது ரோக்ஸானுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பலகையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டதும் மாற்றிக்கொள்கிறாள் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மார்ச் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். தலைவர் கர்ட் ஹெல்விக் நாற்பது மாடு கறப்பவர். சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற ஒரே கொள்கை உள்ளவர். டெல்மர் யார்மீதும் பழி போடவில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, ஜனவரியில் தான் உள்ளே வந்த கணத்தில் அந்தப் பக்கம் மறைந்ததைச் சொன்னார். மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

ரோக்ஸான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அன்னிக்கு என் டாக்டருக்கு எழுதிட்டிருந்தேன், டெல்மர். வலது கை முடிஞ்சுது, இடது கையும் போகுது, அதையும் அறுக்கணுமான்னு கேட்டு. என் உடம்பு விஷயம். அதை நீங்க படிக்க வேணாம்னுதான் தள்ளிவிட்டேன்."

வெர்னா தரையைப் பார்த்தாள். வேறொருவராக இருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்திருப்பார். டெல்மருக்கு முகம் சுட்டது. சுட்டதே தவிர, உள்ளே இருந்தது அடங்கவில்லை. இத்தனை வாரம் யோசித்து வைத்திருந்தால் யார்தான் நல்ல பதில் சொல்லமாட்டார்கள்?

ஹெல்விக் கடிகாரத்தைப் பார்த்தார். ஓட்டெடுப்பு நாள் ஒன்றுக்கு மட்டும் பழைய வயர் மவுஸைப் போட்டுக்கொண்டால் என்ன, யாருக்கும் பேச வாய் இருக்காதே என்றார். எல்லாரும் ரோக்ஸானைப் பார்த்தார்கள். போட்டுக்கொள்கிறேன் என்றாள். மறுபடி பேனாவை எடுத்து, அதையும் குறிப்பில் எழுதினாள்.

ஓட்டெடுப்பன்று காலையிலிருந்தே டெல்மர் பார்வையாளர் நாற்காலியில் இருந்தார். இடையில் வெர்னா கட்டிக்கொடுத்த ஹாம் சாண்ட்விச்சை மடியில் வைத்தே தின்றார். வந்தவர்களின் பெயரைச் சரிபார்ப்பது, புதிதாகக் குடிவந்தவர்களைப் பதிவது என்று ரோக்ஸானுக்கு நாள் முழுக்கத் திரையில் வேலை. வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். மவுஸின் வயர் மேசை முனையில் அடிக்கடி சிக்கியது. மத்தியானத்துக்குமேல் அவள் வேகம் குறைந்தது. பொழுது சாயும்போது விரல்கள் வீங்கியிருந்தன. மவுஸிலிருந்து கையை எடுக்க வேண்டுமானால் இடது கையால் வலது கையைத் தூக்கி எடுத்து வைத்தாள். பால் கறக்கும் பெண்களின் கைகளை டெல்மர் ஆயுசு முழுக்கப் பார்த்தவர். வலியில் இருக்கும் கைக்கும் வலிப்பதாக நடிக்கும் கைக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். எழுந்துபோய், போதும், அந்தப் பலகையை எடுத்துக்கொள் என்று சொல்ல நினைத்தார். இரண்டு தடவை நாற்காலியின் கையைப் பிடித்து எழப் போனார். எதிர்க்கட்சி ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். தானே கேட்டதைத் தானே வேண்டாம் என்பதா? மறுபடி சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

எண்ணி முடித்தார்கள். தீயணைப்புப் படை ஊரிலேயே இருக்கட்டும் என்ற கட்சி ஜெயித்தது. வித்தியாசம் ஒரு பள்ளிப் பேருந்தில் பாதிகூட நிறையாத ஓட்டு. எண்களை ரோக்ஸான் ஒவ்வொன்றாக அடிக்க, டெல்மர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் தப்பில்லை. அவர் கட்சிக்காரர்கள் கைகுலுக்கினார்கள். வீட்டுக்குப் போகும்போது வெர்னா காரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மீன் வறுவல் சாப்பிட மதுக்கடைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. டெல்மருக்கு அது பழக்கமில்லாத அனுபவம். மற்றவர்களைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறவர் அவர்தான். பிரிண்டனோடு சேர வேண்டும் என்று வீடு வீடாக அலைந்த லூவான் பெர்க் சுவரோர மேசையில் இருந்தாள். பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறவள், குரல் கணீரென்று இருக்கும்.

"டெல்மர், ஒரு சந்தேகம். ஓட்டெடுப்புக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல கை வைக்கச் சொன்னது யாரு? ஜெயிச்சது யாரு?"

கை வைக்கவில்லை, மவுஸை மட்டும்தான் மாற்றினோம், அதற்கு வயர் இருக்கிறது என்று அவர் சொன்னார்.

"அதான் கேக்குறேன். அந்த வயர் எங்க போகுது?"

கடை முழுக்கச் சிரித்தது. வெர்னாவும் முதலில் சிரித்தாள். அப்புறம் மேசை மேசையாகப் பார்த்தாள். எல்லாரும் வேடிக்கைக்காகச் சிரிக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. டெல்மர் விளக்க ஆரம்பித்தார். மேசைக்குப் பின்னால் போய், கம்ப்யூட்டரில் சொருகி, அவ்வளவுதான் என்றார். விளக்க விளக்க, தன் குரல் பொய் சொல்கிறவன் குரல்போலத் தன் காதிலேயே விழுந்தது. மீன் ஆறிப்போனது.

லூவான் கட்சியார் மறு எண்ணிக்கை கேட்டார்கள். காகிதங்களைத் திரும்ப எண்ணினார்கள். அதே எண்தான் வந்தது. வராமல் என்ன செய்யும், எல்லாம் சரிபண்ணி வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சு அதன்பிறகும் கிடந்தது. மளிகைக் கடையில், தேவாலய வாசலில், எரிபொருள் நிலையத்தில், ஜனங்கள் அவர் கையைப் பார்ப்பதுபோல அவருக்குத் தோன்றியது. நிஜமாகவே பார்த்தார்களோ என்னவோ.

ரோக்ஸானுக்குக் கோடையில் இரண்டாவது அறுவை நடந்தது. இலையுதிர் காலத்தில் வேலையை விட்டுவிட்டாள். முதல் பனி விழுந்த வாரம் மளிகைக் கடை வண்டி நிறுத்தத்தில் டெல்மர் அவளைப் பார்த்தார். முழங்கையால் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஓடிப்போய் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கப் போனார். வேண்டாம், கடைப்பையன் வருவான் என்றாள். அவர் போகாமல் நின்றார். அந்த மவுஸ் விஷயம், என்று ஆரம்பித்தார்.

"நீங்க என்னைத் திருடின்னு சொல்லலை, டெல்மர்" என்றாள் ரோக்ஸான். "சொல்லியிருந்தா இல்லைன்னு காட்டியிருப்பேன். திருடியா இருக்கலாம்னுதான் சொன்னீங்க. அதுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

கோபமாகச் சொல்லவில்லை. பல் மருத்துவரிடம் நேரம் கேட்டு வருகிறவர்களிடம் பேசுவதுபோலத்தான் சொன்னாள். பையன் வந்து மூட்டையை ஏற்றினான். கார் போய்விட்டது. டெல்மர் தொப்பியில் பனி விழ அங்கேயே நின்றார்.

அடுத்த ஏப்ரலில் மறுபடி ஒரு தேர்தல் வந்தது. ஓட்டுப்பதிவு மேசையில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. யாருக்கு வேண்டும் இந்தத் தலைவலி? ஹெல்விக் வீடு வீடாகப் போன் செய்தார். வெர்னா சரி என்றுவிட்டாள். டெல்மரிடம் சொன்னது அப்புறம்தான். அவர் தடுத்துப் பார்த்தார். ஊர் பேசும் என்றார்.

"பேசட்டும். உன்னோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். எனக்குப் பழக்கம்தான்" என்றாள்.

அன்று அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவர் உள்ளே போகவில்லை. போனால் ஒரு பேச்சு, போகாவிட்டால் ஒரு பேச்சு. கடைசியில் பிளாஸ்க் காபியோடு காரிலேயே உட்கார்ந்திருந்தார். மதியம் ஓட்டுப் போட மட்டும் உள்ளே போனார். மனைவி முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

எல்லாம் முடிந்து வெர்னா வந்து ஏறினாள். பூட்ஸைத் தட்டினாள். முதுகு வலிக்கிறது என்றாள். லூவான் நாள் முழுக்கத் தன் பின்னாலேயே நின்றதாகச் சொன்னாள்.

"உன் பின்னால எதுக்கு அவ நிக்கணும்?" டெல்மருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "நீ எதையும் தொடுறவளா? அப்படி என்ன சந்தேகம் அவளுக்கு?"

வெர்னா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சாவியைத் திருப்பினார்.

"கால் வலிக்குமேன்னு ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தேன்" என்றாள். "உக்காந்துக்கிட்டா."