முன்சீட்டுச் சொந்தம்

வண்டிக்குள் தலையை விட்டு ஒருமுறை மோந்து பார்த்த பிறகுதான் வியாகுலம் கதவைச் சாத்துவார். வாழைப்பழ வாசம் அவர் மூக்குக்குத் தப்பாது. பிஸ்கட்டை உறை பிரிக்காமல் ஒளித்து வைத்திருந்தாலும், ஆள் முழிக்கிற முழியிலேயே தெரிந்துவிடுமாம். "காட்டுல யாருக்கும் எதையும் வீசக் கூடாது. அவங்க ஒண்ணும் உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கல. நாமதான் அவங்க வீட்டுக்குள்ள ரோடு போட்டுப் போறோம். சமஜ் கயா?" என்பார். அதட்டலைத் தமிழில் தொடங்கினாலும் முடிப்பது இந்தியில்தான். அந்தமானில் அதுதான் எடுபடும்.

வியாகுலத்துக்குக் குடியிருப்பு போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியில். அங்கிருந்து பாராடாங் தீவுக்குப் போகிற சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறார். வழி நெடுக ஜாரவா பழங்குடி மக்களின் காடு. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் காவலோடு அனுப்புவார்கள். நடுவழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பயணி செய்கிற தப்புக்கும் ஓட்டுநர் பதில் சொல்ல வேண்டும். வண்டியைப் பிடித்து வைப்பார்கள், பெர்மிட்டும் போய்விடும். அந்த வேனை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள்.

ஆகவே அவர் ஈ எறும்பைக்கூட நம்புவதில்லை. வரிசை நகருமுன் மனைவி செல்வம்மாளின் முறுக்கு டின்னை நீட்டி, எல்லாருடைய போனையும் அதில் போடச் சொல்லுவார். டின் பறிபோனதில் செல்வம்மாளுக்கு இன்னும் மனத்தாங்கல். ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியோ பின்னால் வரும் வண்டியைக் காட்டுவதில்லை, பின்சீட்டுக்காரர்களின் கைகளைத்தான் காட்டுகிறது. "அவங்களப் பாக்க முடியுமா டிரைவர்?" என்று கேட்பவரை அவர் பாதித் திருடன் என்று எடுத்துக்கொள்வார். ஒன்றுமே கேட்காமல் வருபவர்மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

இது பிறவிக் குணமில்லை. வீட்டுமுன் குந்தி உட்கார்ந்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த செல்வம்மாளை, கப்பலில் வந்திறங்கிய ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கலைந்த தலையும் நனைந்த நைட்டியுமாக இருந்தாள் அவள். வியாகுலம் தெருமுனை வரை துரத்தியும் ஆள் அகப்படவில்லை. அந்தப் படம் எந்த ஊரில் யார் கையில் இருக்கிறதோ என்று நினைத்தால் இன்றைக்கும் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் செல்வம்மாளின் தம்பி டெர்வின் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தான். மச்சினனைத் தன் பக்கத்தில், முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். முறுக்கு டின் வண்டி முழுக்கச் சுற்றி வந்தது. டெர்வினிடம் மட்டும் அதை நீட்டவில்லை. சொந்தக்காரனிடம் போய் எப்படிக் கேட்பது?

அன்றைக்கு அவர் கண்ணில் விழுந்தவர் பக்தவத்சலம் என்ற சென்னைக்காரர். ஏறியதிலிருந்து வாயே திறக்கவில்லை. மடியில் ஒரு பையை அணைத்துப் பிடித்திருந்தார். பையில் என்ன என்று கேட்டதற்கு, "மாத்திரைங்க" என்றார். மாத்திரையாம்! வியாகுலத்தின் பார்வை கண்ணாடியிலேயே இருந்தது.

காட்டுக்குள் ஒரு வளைவில், சாலையோரம் ஒரு தாயும் பிள்ளையும் நின்றிருந்தார்கள். எப்படி இருந்தார்கள் என்று கேட்டால் வியாகுலம் சொல்ல மாட்டார். "ஒரு அம்மா பிள்ளையோட நின்னுச்சு. அவ்ளோதான்." அவர்களைக் கடக்கிற நேரம் பார்த்துப் பக்தவத்சலத்தின் கை பைக்குள் நுழைந்தது.

"ஹாத் பாஹர்! கைய வெளிய எடுங்க!"

கையோடு ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. பாவம், மனிதர் அதில் குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தார்.

அப்போதுதான் பக்கத்தில் 'டிக்' என்றொரு சத்தம் கேட்டது. டெர்வினின் போன் ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் அத்தான். நம்ம குடும்ப குரூப்ல போடத்தான்."

"அழிச்சிருலே."

"அழிச்சாச்சு." திரையைக் காட்டாமலே சொன்னான்.

வண்டியை நிறுத்த வழியில்லை. காட்டுக்குள் சிக்னல் கிடையாது என்பது ஒன்றுதான் ஆறுதல். காட்டைத் தாண்டி, பாராடாங்குக்குப் படகேறும் துறைக்குப் போய்விட்டால் சிக்னல் வந்துவிடும், படமும் ஊர் ஊராகப் போய்விடும். அந்த அம்மாவுக்கு அது தெரியக்கூடப் போவதில்லை. பின்சீட்டில் இருந்தவர்களையெல்லாம் திருடர்களாகப் பார்த்துவிட்டு, தோளுக்குப் பக்கத்தில் இருந்தவனைப் பார்க்காமல் விட்டோமே என்று வியாகுலத்துக்கு வெட்கமாக இருந்தது. செல்வம்மாளிடம் என்ன சொல்வது என்ற பயமும் இருந்தது.

படகுத்துறைக்கு முந்தின சாவடியில் ஏட்டு ரவிச்சந்திரன் நின்றிருந்தார். வியாகுலத்தின் வண்டியை அவர் சோதித்துப் பார்த்ததே இல்லை. "அரே, வியாகுலம் பாய்! சலோ, சலோ!" என்று வழக்கம்போலக் கையசைத்தார்.

வியாகுலம் வண்டியை ஓரம் கட்டினார்.

"அத்தான், உங்க பெர்மிட்டுல்லா போயிரும்! யாரு பாத்தா? பேசாமப் போங்க!" டெர்வின் அவர் தோளைப் பிடித்தான்.

"கொண்டா."

டெர்வின் போனைத் திறந்து கொடுத்தான். படம் அழியாமல் அப்படியே இருந்தது. வியாகுலம் சட்டென்று திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இறங்கினார். ஏட்டின் மேசைக்குப் போய், போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, வண்டிச் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.